பால் கவரில் தொங்கிய ஏர் டப்பாக்கள்

பைக் ரிப்பேர் கடைக்கு எதையாவது மாட்டச் சொல்லி வருகிறவர்களைவிட, ஒழுங்காக இருப்பதைக் கழற்றச் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம். கண்ணாடியைக் கழற்று, பின் சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கும் சேலை கார்டைக் கழற்று, பின்னால் மட்கார்டைப் பாதியாக வெட்டு. சேலை கார்டைக் கழற்றிய பையன் ஆறு மாதம் கழித்துக் கல்யாணப் பத்திரிகையோடு வந்து, "அக்கா, அந்தக் கம்பி இருக்கா?" என்று தலையைச் சொறிவான். இருக்கும். ஏன் இருக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்குத் திருப்பத்தூர்ப் பக்கம் கிராமம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தேன். கல்யாணமாகி பெங்களூரு நீலசந்திராவுக்கு வந்தபோது, என் கணவர் முருகேசன் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் டூ வீலர் கடை வைத்திருந்தார். மகள் கீர்த்திக்கு ஒரு வயது தாண்டியதும் நானும் கடையில் உட்கார ஆரம்பித்தேன். என்ன வேலை என்று கேட்டதற்கு, "சும்மா உக்காரு, வர்ற வண்டி நம்பரை எழுது, போன் வந்தா எடு" என்றார். இதைப் படிக்கிறவர்களில் கணவன் கடையில் சும்மா உட்கார்ந்த பெண்கள் இருந்தால் அவர்களுக்குத் தெரியும், அந்தச் சும்மாவுக்குள் எத்தனை வேலை இருக்கிறது என்று. கீர்த்தியை ஒரு பழைய லாரி டயருக்குள் பாய் விரித்து உட்கார வைத்துவிடுவேன். எழுந்து வெளியே வர அவளுக்கு நேரமாகும். அதற்குள் நான் ரெண்டு வண்டியைத் துடைத்துவிடுவேன்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் ஊரெல்லாம் ஸ்போர்ட்ஸ் பைக் மோகம். அந்த வண்டிகளில் இன்ஜினுக்குப் பக்கத்தில் கைக்கடக்கமாக ஒரு டப்பா இருக்கும், அதிலிருந்து ரெண்டு மூன்று ரப்பர் குழாய்கள் போகும். இன்ஜினிலிருந்து அரைகுறையாக எரிந்து வெளியேறும் புகையில் கொஞ்சம் நல்ல காற்றைச் சேர்த்து, மிச்சத்தையும் போகிற வழியிலேயே எரித்துவிடுகிற ஏற்பாடு அது. விறகடுப்பில் புகைகிற கட்டையை ஊதுகுழலால் ஊதினால் குப்பென்று பற்றிக்கொள்ளுமே, அதே சங்கதிதான். எங்கள் கடையில் அதற்கு ஏர் டப்பா என்று பேர்.

பையன்கள் வண்டியோடு வந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, அகல வாய் சைலன்சர் மாட்டுவார்கள். பிறகு ஆக்ஸிலேட்டரை விடும்போதெல்லாம் சைலன்சருக்குள் பட் பட் படார் என்று வெடிக்கும். சைலன்சரைக் குறை சொல்ல அவர்களுக்கு மனசு வராது. டப்பாவைத்தான் எடுக்கச் சொல்வார்கள்.

எங்களுக்கு மாடியில் ஒரு பயம் இருந்தது. வீட்டு ஓனர் லட்சுமம்மா. கன்னடக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். கடையை விடும்போதே சொல்லிவிட்டார்: "சத்தம் வந்தா திட்டுவேன். ஹொகெ வந்தா காலி பண்ண வெப்பேன்." ஹொகெ என்றால் புகை. அடுத்த யுகாதியோடு அக்ரிமென்ட் முடிகிறது. அந்த இடம் போய்விட்டால், அவ்வளவு மெயின் ரோட்டை ஒட்டி, டயருக்குள் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பார்த்தபடி வேலை செய்ய இன்னொரு இடம் எங்களுக்கு நீலசந்திராவில் கிடைக்கப்போவதில்லை.

வளையலைக் கழற்றினேன்

பிரதீப் கோயம்புத்தூர்ப் பையன், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வெளிநாட்டு வண்டி ஒன்றை யாரிடமோ பழசாக வாங்கியிருந்தான். நாலு சிலிண்டர், நல்ல சிவப்பு. அதற்கும் இந்த வெடிச் சத்தம்தான் வியாதி. இவர் டேங்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே பார்த்தார். டப்பா ஃபிரேமுக்கும் இன்ஜின் தலைக்கும் நடுவே ஒளிந்துகொண்டிருந்தது. இவர் கை முறம் மாதிரி. மணிக்கட்டு வரைகூடப் போகவில்லை. ஸ்பேனர் ரெண்டு தடவை உள்ளே விழுந்து, அதை எடுக்கவே பாதி காலைப் பொழுது போயிற்று.

"என்னங்க, நான் ஒரு தடவை கைய விட்டுப் பாக்கட்டுமா?" என்றேன். "இது என்ன அரிசிப் பானையா?" என்றார். பிரதீப் பயந்துபோய் டேங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நான் கண்ணாடி வளையல் எட்டையும் கழற்றி டயருக்குள் கீர்த்தியிடம் கொடுத்தேன். கையை நுழைத்தேன். கண்ணால் பார்க்க முடியாது, விரலால்தான் பார்க்க வேண்டும். இருட்டில் தொட்டில் முடிச்சை அவிழ்த்துப் பழகியவளுக்கு ஒரு கிளிப் என்ன பெரிசா? ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் டப்பாவும் குழாய்களோடு கோழிக் குடல் மாதிரி வெளியே வந்தது. டப்பா இருந்த ஓட்டைகளைத் தகடு வைத்து அடைத்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணினோம். ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டால் வெடிக்கவில்லை. பிரதீப் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. அடுத்த தடவை அக்கா கடையில இருக்கிற நாளாப் பாத்து வண்டிய விடறேன்."

பேர் எழுதின கவர்

நான் கடைக்கு வந்த புதிதில் ஒருவர், தன் வண்டியிலிருந்து கழற்றிய பழைய செயினை நாங்கள் விற்றுவிட்டதாகச் சண்டை போட்டார். செயின் கடைசியில் அவருடைய வண்டிப் பெட்டியிலேயே இருந்தது. சண்டை போட்ட வாய் மட்டும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அன்றைக்கு நான் ஒரு முடிவு பண்ணினேன். எந்த வண்டியிலிருந்து எது கழன்றாலும், கழுவிக் காயவைத்த பால் கவரில் போட்டு, மார்க்கர் பேனாவால் வண்டி நம்பரையும் பேரையும் எழுதி, சுவரில் ஆணி அடித்து மாட்டிவிடுவது. கேட்டால் கொடுப்பேன். கேட்காவிட்டால் தொங்கும்.

சிவப்பு வண்டியின் செய்தி பரவியதும் ஏர் டப்பா எடுக்க வாரத்துக்கு ஒன்றிரண்டு வண்டி வர ஆரம்பித்தது. "சின்னக் கை அக்கா" என்று எனக்குப் பேர் வந்துவிட்டது. எனக்குப் பெருமைதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சுவரில் கவர்கள் பெருகின. டப்பாவை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. "குப்பையில போடுங்கக்கா" என்பார்கள். நான் போட மாட்டேன். ஒரு பையன் அந்த வரிசையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"எங்க வீட்டுல சாமி படத்தைக்கூட இவ்வளவு ஒழுங்கா மாட்டலக்கா."

பல் முளைக்கிற வரைக்கும்

டப்பாவிலிருந்து மெல்லிசாக ஒரு ட்யூப் இன்ஜினின் மூச்சுப் பக்கம் போகும். டப்பாவை எடுத்தால் அந்த ட்யூப் மாட்டியிருந்த பித்தளை முனையை மூட வேண்டும். மூடாவிட்டால் இன்ஜின் அந்த ஓட்டை வழியாக வெறும் காற்றை இழுத்து, நின்ற இடத்திலேயே குதிரை மாதிரி கத்தும். ஒரு நாள் இவர் ஸ்பேர் வாங்க ஜே.சி. ரோடு போயிருந்தார். கூரியர் கம்பெனிப் பையன் இம்தியாஸ், "அக்கா, ஜல்தி, ட்யூட்டிக்குப் போகணும்" என்று நச்சரித்தான். டப்பாவைக் கழற்றிவிட்டேன். மூடும் ரப்பர் கடையில் தீர்ந்துபோயிருந்தது. வண்டி கத்துகிறது, கீர்த்தி அழுகிறாள், இம்தியாஸ் கடிகாரத்தைப் பார்க்கிறான்.

கீர்த்தியின் பையில் புதுப் பால் புட்டி ரப்பர் ஒன்று இருந்தது, இன்னும் ஓட்டை போடாதது. எடுத்து அந்தப் பித்தளை முனையில் மாட்டி, நூலால் இறுக்கிக் கட்டினேன். வண்டி சமத்தாகிவிட்டது. நல்ல ரப்பர் வந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன், மறந்தும் போனேன். மூன்று வாரம் கழித்து இம்தியாஸ் வந்தான். பெட்ரோல் ஆவியில் ரப்பர் ஊறி உப்பி, பலூன் மாதிரி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கோபப்படவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, இவருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான்:

"அக்கா, நம்ம வண்டிக்குப் பல்லு முளைக்கிற வரைக்கும் இதே போதுமா, இல்ல பெரிய சைஸா மாட்டுவீங்களா?"

சாருக்கு எந்த மாஸ்க்?

எங்கள் பக்கத்து சிக்னலில் நிற்கும் டிராஃபிக் கான்ஸ்டபிள் ஒரு நாள் யூனிபாரத்தோடு வந்து நின்றார். கடை லைசென்ஸைத் தேடி டிராயரை இழுத்தேன். அவர் பேப்பர் கேட்க வரவில்லை. காலேஜில் படிக்கும் மகனின் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். சிக்னலில் அப்பா நிற்கும்போதே மகன் படார் படார் என்று வெடித்துக்கொண்டு போகிறானாம். கூட நிற்கிற போலீஸ்காரர்கள் சிரிக்கிறார்களாம்.

ஓட்டையை அடைக்கும் தகடுகளை நான் பழைய நம்பர் பிளேட்டிலிருந்து வெட்டுவேன். டிசைன் நம்பர் பிளேட் மாட்டிக்கொள்கிறவர்கள் விட்டுப்போன அலுமினியம், வளையாது, வாகாக வெட்டலாம். அன்றைக்குப் பெயிண்ட் பக்கத்தை வெளியே வைத்து மாட்டிவிட்டேன். இன்ஜின்மேல் கறுப்பாக ஒரு ஏழு. போலீஸ் கண் அல்லவா, குனிந்து பார்த்தார். "இந்த ஏழு யாரோடதும்மா? உயிரோட இருக்கிற வண்டியா, திருட்டு வண்டியா?" நான் திணறித் திணறி விளக்கம் சொல்லி முடித்தேன். அவர் சிரித்துவிட்டார். அந்தத் தைரியத்தில் நானும் கேட்டேன்: "சார், இந்த டப்பா புகையை எரிக்கிறது. நீங்க நாளெல்லாம் சிக்னல்ல நிக்கிறீங்க. இதை எடுக்கணுமா?" அவர் கழுத்தில் தொங்கிய மாஸ்க்கைத் தொட்டுக் காட்டினார்.

"புகைக்கு இது இருக்கும்மா. மானத்துக்கு எந்த மாஸ்க்கைப் போட்டுக்கிறது?"

மேல் வீட்டு மூக்கு

லட்சுமம்மாவின் பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் கூடை தொங்கும். காய்கறி வண்டி, கீரைக்காரி, பேப்பர்காரர் எல்லாருக்கும் அந்தக் கூடைதான். வெடிச் சத்தம் நின்றுபோன புதிதில் அதே கூடையில் எங்களுக்கு ஒரு நாள் சித்ரான்னம் இறங்கியது. "இப்பதான் மத்தியானம் கண்ணை மூட முடியுது" என்று மேலிருந்து குரல் வந்தது. நாங்கள் யுகாதியை ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

ரெண்டு மாதம் போயிருக்கும். கூடை இறங்கியது. உள்ளே துவைத்து மடித்த வெள்ளைத் துண்டு ஒன்று. "மூந்து பாரு" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நாள் முழுக்க அந்த வாசனையிலேயே இருக்கிறவள். கீழே வண்டிகளை நிற்க வைத்து டியூன் பண்ணும்போது வருகிற பச்சைப் பெட்ரோல் நெடி பால்கனிக் கொடியில் காய்கிற துணியில் எல்லாம் ஏறுகிறது என்றார். அவர் சொன்னால் தப்பாக இருக்காது. ரிட்டயர் ஆகும்வரை ஒரு ஊதுபத்தி கம்பெனியில் வாசனை பார்த்துப் பிரிக்கிற வேலை செய்தவர் அவர். எந்த ஊதுபத்திக் கட்டில் என்ன குறைகிறது என்று பற்றவைக்காமலே சொல்வாராம். துண்டைத் திரும்பக் கூடையில் போட்டேன். கூடை நகரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். யுகாதிக்குள் இது நிற்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இன்னொன்றும் கேட்டார்:

"சத்தத்த எடுத்தாச்சுன்னு சொன்னியே செல்வி, எடுத்து எங்க வெச்ச? என் ரூமுக்குள்ளயா?"

சிக்னலில்

அந்த வாரமே கீர்த்தியைத் தடுப்பூசிக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஸ்கூட்டரில் அவள் முன்னால் நின்றிருந்தாள். சிக்னலில் எங்களுக்கு நேர் முன்னே ஒரு பைக். இன்ஜின் ஓரத்தில் தகடு பளபளத்தது. மூலையைக் கொஞ்சம் சாய்வாக வெட்டுவது என் வழக்கம். என் தகடுதான். நல்ல வேலை என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகப் பார்த்தேன், அடுத்த நிமிஷம் சேலைத் தலைப்பை எடுத்துக் குழந்தையின் மூக்கைப் பொத்தினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். அவளுக்கு அதில் புதுசாக ஒன்றும் இல்லை.

"அம்மா, நம்ம கடை வாசம்."

யார் சரி பண்ணச் சொன்னது?

மறுநாள் பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலை பார்க்கும் ஒருவர் தன் பைக்கை விட்டுப் போனார். டப்பாவை எடுக்க வேண்டும், சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வருவார். இவர் வேறு ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்ததால் நான்தான் கழற்றினேன். கவரில் போடும்போது அந்த மெல்லிசு ட்யூபை மடக்கினேன். விரல் நகத்தில் ஏதோ தட்டியது. வளைத்துப் பார்த்தால் கிளிப்புக்குக் கீழே மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு, இன்ஜின் சூட்டில் ரப்பர் காய்ந்து வெடித்தது.

அந்த ட்யூபுக்கு என்ன வேலை என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இவரைக் கேட்டேன். கையைத் துடைக்காமலே சொன்னார்: ஆக்ஸிலேட்டரை விட்டதும் இன்ஜின் அந்த ட்யூப் வழியாக உறிஞ்சும், அந்த உறிஞ்சலில் டப்பா வாயை மூடிக்கொள்ளும், அந்த நேரத்தில் சைலன்சருக்குக் காற்று போகாது. "காத்து போகலைன்னா வெடிக்காதே?" என்றேன். "வெடிக்காது." "ட்யூப் வெடிச்சிருந்தா?" அவர் கையில் இருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. உறிஞ்சல் டப்பாவுக்குப் போய்ச் சேராது. டப்பா வாயைத் திறந்தபடியே இருக்கும். ஊதக் கூடாத நேரத்திலும் ஊதிக்கொண்டிருக்கும்.

ஒரு சாண் புது ட்யூப் வெட்டி மாட்டி, டப்பாவைத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். இவர் ரோட்டில் ரெண்டு ரவுண்டு ஓட்டினார். சத்தமே இல்லை. நெடியும் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் ஆள் வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் குனிந்து டப்பா இருந்த இடத்தைப் பார்த்தார். டப்பா இருந்தது. முகம் சுருங்கிவிட்டது. ஃபிரெண்டு வண்டியில் இல்லையாம், தன் வண்டியில் மட்டும் இருக்கிறதாம்.

"நான் எடுக்கத்தானே சொன்னேன்? உங்களை யாருங்க சரி பண்ணச் சொன்னது?"

கவர்களை இறக்கினோம்

ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சுவரில் இருந்த கவர்களை எல்லாம் தரையில் கொட்டினோம். ஒவ்வொரு ட்யூபாக வளைத்துப் பார்த்தேன். நல்ல ட்யூப் ஒரு பக்கம், வெடித்த ட்யூப் ஒரு பக்கம். வெடித்த பக்கம்தான் உயர்ந்துகொண்டே போனது. பாதிக்கு மேல். அத்தனை வண்டிக்கும் ஒரு சாண் ட்யூப் போதுமாயிருந்திருக்கிறது. நான் கழற்றிப் பேர் வாங்கியிருக்கிறேன். இவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவரும் வெடித்த ட்யூப்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். கழற்றும்போது ட்யூபை நான் பார்க்கவில்லை, இத்தனை வருஷ மெக்கானிக், அவரும் பார்க்கவில்லை. கேட்டதைச் செய்தோம், கேள்வி கேட்கவில்லை.

கவர்களில் நம்பர் இருந்தது, என் நோட்டில் போன் இருந்தது. திங்கட்கிழமை முதல் கூப்பிட ஆரம்பித்தேன். "டப்பாவைத் திரும்ப மாட்டித் தர்றோம், காசு வேண்டாம்." நம்பினால் நம்புங்கள், இதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. ஒருவர் வண்டியை விற்றாயிற்று என்றார். ஒருவர் நான் ஏதோ கம்பெனி ஆள் என்று நினைத்துப் போனை வைத்தார். இம்தியாஸ் வந்தான், "பால் குடியை மறக்க வெச்சாச்சு, இப்ப சோறா?" என்று கேட்டுவிட்டு மாட்டிக்கொண்டு போனான். பிரதீப் மட்டும் சிரித்து மழுப்பினான். அவன் ட்யூப் நன்றாகத்தான் இருந்தது, வெடித்ததற்குக் காரணம் அவன் சைலன்சர். அதை மாற்றச் சொன்னால், "அக்கா, அந்தச் சைலன்சருக்காகத்தான் வண்டியே வாங்கினேன்" என்றான்.

நான் எதிர்பார்க்காத ஆள் கான்ஸ்டபிள். போன் பண்ணிய மறுநாள் காலையிலேயே மகன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏழு எழுதிய தகட்டை நான் கழற்றும்போது, அதைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இப்போது மானம் பரவாயில்லையா சார் என்று விளையாட்டாகக் கேட்டேன். கழுத்தில் மாஸ்க் இல்லை, துவைக்கப் போட்டிருந்தாராம்.

"சிக்னல்ல என் மூஞ்சிக்கு நேரா நின்னு புகை விடற வண்டியில எம்பையன் வண்டியும் ஒண்ணுதானேம்மா."

கூடை

யுகாதிக்கு முந்தின வாரம் இவர் அக்ரிமென்ட் டைப் அடித்து, மூன்று வருஷத்துக்கு என்று போட்டு, லட்சுமம்மாவிடம் கொடுத்தார். அவர் படிக்காமலே மடித்து வைத்துக்கொண்டார். "நாளைக்குப் பத்து மணிக்கு பால்கனியில உக்காருவேன். கடையில இருக்கிற வண்டிய ஒண்ணொண்ணா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க. சரியா இருந்தா பேப்பர் கூடையில வரும். இல்லைன்னா கூடை வராது."

மறுநாள் கடையில் நாலு வண்டி. மூன்றுக்கு டப்பாவைத் திரும்ப மாட்டியாயிற்று. நாலாவது, செயின் மாற்ற முந்தின நாள் வந்து நின்ற பிரதீப்பின் சிவப்பு வண்டி. இவர் காலையிலேயே அதன் ஹேண்டிலைப் பிடித்துவிட்டார். "பின் சந்துல நிறுத்திட்டு வந்துடறேன்." நான் தடுத்தேன். "மூணு போதாதா செல்வி? பொய்யா சொல்றோம்? எண்ணிக்கையைக் குறைக்கிறோம், அவ்வளவுதானே?" என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் இன்றைக்கு ஒளித்துவைத்தால் நாளைக்கு அந்த மூக்கை எங்கே ஒளித்துவைப்பது? தவிர, அந்த டப்பாவை எடுத்ததும் இதே கைதான். ஹேண்டிலைப் பிடித்த இவர் கையை மெதுவாக எடுத்துவிட்டேன். எல்லா வண்டியையும் ஒரு ரவுண்டு ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்து வரிசையாக நிறுத்தினோம்.

முதல் வண்டி ஐந்து நிமிஷம். மேலே சத்தம் இல்லை. ரெண்டாவது. மூன்றாவது. கூடை ஆடியது, கயிறு இறங்க ஆரம்பித்தது. பாதி வழியில் இருக்கும்போது நான் போய்ச் சிவப்பு வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். இவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம் இருக்கும், கூடை நின்றது. பிறகு கிறீச் கிறீச் என்று மேலே ஏறிப் போய்விட்டது. நான் முழு ஐந்து நிமிஷமும் ஓட விட்டுத்தான் அணைத்தேன், எண்ணி வைத்த நேரத்தில் ஏன் திருட வேண்டும்? போச்சு, எல்லாம் போச்சு, டயரை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

கூடை மறுபடியும் இறங்கியது. உள்ளே அக்ரிமென்ட். கையெழுத்து இருந்தது. 'மூன்று வருடம்' என்பதை அடித்துவிட்டு மேலே பேனாவால் கன்னடத்தில் எழுதியிருந்தார். இவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்: பதினோரு மாதம். நான் ரோட்டுக்கு ஓடிப்போய் நிமிர்ந்து பார்த்தேன். லட்சுமம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டே குனிந்தார்.

"கெம்பு வண்டி நேத்தே வந்தத நான் பாத்தேன் செல்வி, இன்னைக்கு அத ஒளிக்காம ஸ்டார்ட் பண்றீங்களான்னு பாக்கத்தான் உக்காந்தேன். மத்த மூணுக்காகக் கையெழுத்து, அது விட்ட ஹொகெக்காகப் பதினோரு மாசம்."

இப்போதும் டப்பாவை எடுக்கச் சொல்லி வண்டிகள் வருகின்றன. முதலில் ட்யூபை மாற்றிப் பார்க்கலாம் என்பேன். சிலர் சம்மதிக்கிறார்கள், சிலர் அடுத்த கடைக்குப் போகிறார்கள். வண்டியை விற்றவர்கள், வராதவர்களுடைய டப்பாக்களைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன், சுவரில் இப்போது ஒரே ஒரு ஏர் டப்பா கவர்தான் தொங்குகிறது, பிரதீப்புடையது. அவனுக்கு வீட்டில் பெண் பார்க்கிறார்களாம். கல்யாணப் பத்திரிகையோடு வருகிற அன்றைக்குச் சேலை கார்டோடு சேர்த்துப் பேசிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

ஆக, மாதக்கணக்காகக் கழற்றி நான் சம்பாதித்தது ஒரு பட்டப்பேர், ஒரு மாதம் திருப்பி மாட்டிச் சம்பாதித்தது பதினோரு மாதம்.